ஃபப்ரீசியஸ் பாலம் ஏன் நிற்கிறது: டைபர் ஆற்றின் மூன்று ரோமப் பாலங்கள், ஒரு நிகழ்வு ஆய்வு

ரோம் நகரின் நடுவே டைபர் ஆறு ஒரு சிறு தீவைச் சுற்றி இரண்டாகப் பிரிந்து ஓடுகிறது. கிழக்குக் கிளையின் மேல் ஃபப்ரீசியஸ் பாலம், கி.மு. 62-இல் கட்டியது. மேற்குக் கிளையின் மேல் செஸ்டியஸ் பாலம். இரு கிளைகளும் மறுபடி சேரும் இடத்துக்குச் சற்றுக் கீழே எமிலியஸ் பாலத்தின் ஒற்றை வளைவு இரு கரைகளையும் தொடாமல் ஆற்றின் நடுவில் நிற்கிறது. ஊர்க்காரர்கள் அதை 'போன்டே ரோட்டோ', அதாவது உடைந்த பாலம் என்றே அழைக்கிறார்கள்.

மூன்றும் சில நூறு மீட்டர் தூரத்துக்குள் இருக்கின்றன. ஆறும் வெள்ளமும் ஒன்றுதான், கல்லும் சுண்ணாம்பும் ஏறத்தாழ ஒரே வகைதான். ஆனாலும் முதல் பாலத்தில் இன்றும் மக்கள் நடக்கிறார்கள். இரண்டாவதைப் பிரித்து நீட்டிக் கட்ட வேண்டியதாயிற்று. மூன்றாவது பலமுறை உடைந்து 1598-இல் கைவிடப்பட்டது. ரோமப் பாலங்கள் எப்படி நிலைத்தன என்று ஆராய இதைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. 'ரோமானியச் சிமெண்டின் ரகசியம்' என்று பொதுவாகச் சொல்லப்படும் விடை இங்கே பொருந்தாது. அந்தச் சாந்து மூன்று பாலங்களுக்கும் பொதுவாக இருந்தது. வித்தியாசம், தண்ணீருக்கு எவ்வளவு வழி விட்டார்கள் என்பதிலும் தூணை எந்தத் திசையில் நிறுத்தினார்கள் என்பதிலும்தான்.

கட்டியவர், சரிபார்த்தவர்

ஃபப்ரீசியஸ் பாலத்தின் வளைவுகளுக்கு மேலே இருபுறமும் ஒரே வாசகம் மொத்தம் நான்கு முறை வெட்டப்பட்டிருக்கிறது. காயஸின் மகன் லூசியஸ் ஃபப்ரீசியஸ், சாலைகளின் பொறுப்பாளர், இதைக் கட்டுவித்தார், அவரே சரிபார்த்து ஏற்றுக்கொண்டார் என்பது அதன் பொருள். ஆண்டு கி.மு. 62 என்பதை வரலாற்றாசிரியர் காசியஸ் டியோவும் குறிப்பிடுகிறார்.

அதற்குக் கீழே, ஒரு வளைவில், சிறிய எழுத்தில் இன்னொரு வாசகம் உண்டு. கி.மு. 21-இன் கான்சல்கள் (ரோமின் தலைமை ஆட்சியாளர்கள்) மார்கஸ் லோலியஸ், குவின்டஸ் லெபிடஸ் இருவரும் செனட்டின் ஆணைப்படி பாலத்தைச் சரிபார்த்து ஒப்புக்கொண்டார்கள் என்கிறது அது. இதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, கி.மு. 23-இல், டைபரில் பெருவெள்ளம் வந்திருந்தது. ஆக, கட்டி 41 ஆண்டுகளுக்குள்ளேயே இந்தப் பாலம் வெள்ளச் சோதனையையும் அதை ஒட்டிய ஆய்வையும் பார்த்துவிட்டது. 'ரோமானியர் கட்டிவிட்டுப் போனார்கள், அது அப்படியே நிற்கிறது' என்று பலர் எழுதுகிறார்கள். அந்தக் கல்வெட்டு ஒன்றே அதை மறுக்கிறது. வெள்ளம் வடிந்தபின் ஆள் அனுப்பிப் பார்ப்பதும், பார்த்தவர் பெயரைப் பொறுப்போடு கல்லில் எழுதுவதும் அங்கே அரசு வேலையாக இருந்தன.

அளவுகள்

பாலத்தின் நீளம் 62 மீட்டர், அகலம் சுமார் 5.5 மீட்டர். ஏறத்தாழ அரைவட்டமான இரண்டு பெரிய வளைவுகள், ஒவ்வொன்றும் சுமார் 24.5 மீட்டர் அகலம். அவற்றின் நடுவில் ஆற்றுக்குள் ஒரே ஒரு தூண். அந்தத் தூணின் மேல்பகுதியில், இரு வளைவுகளுக்கும் இடையே, சுமார் 6 மீட்டர் அகலத்தில் சிறிய வளைவுத் திறப்பு ஒன்று. பாலத்தின் இரு முனைகளிலும் 3.5 மீட்டர் அளவில் இன்னும் சிறிய திறப்புகள் இருந்தன; பின்னாளில் வந்த கரைச்சுவர்கள் அவற்றை மூடிவிட்டன.

உட்பகுதி டூஃபா, பெப்பெரினோ என்ற எரிமலைக் கற்களால் ஆனது. இரண்டும் ரோமைச் சுற்றியே கிடைப்பவை, உளியால் எளிதில் செதுக்கலாம். முகப்பு முதலில் டிராவர்டைன் என்ற கெட்டியான சுண்ணாம்புக் கல். இப்போது தெரியும் செங்கல் முகப்பில் பெரும்பகுதி போப் 11-ஆம் இன்னொசென்ட் காலத்தில், 1679-இல் நடந்த பழுதுபார்ப்பின்போது வந்தது. கைப்பிடிச் சுவரும் அப்போது கட்டியதே. அந்தச் சுவரில் நான்கு முகம் கொண்ட இரண்டு பழைய பளிங்குத் தூண்கள் பதிக்கப்பட்டிருக்கின்றன. அதனால் பாலத்துக்கு 'நான்கு தலைப் பாலம்' என்று இன்னொரு பெயரும் உண்டு.

எந்தக் கல்லை எங்கே வைப்பது என்பதில் அக்காலக் கட்டுநர்களுக்குத் தெளிவு இருந்தது. அடுத்த தலைமுறையில் கட்டடக்கலை நூல் எழுதிய ரோமானியர் விட்ருவியஸ் சொல்லும் முறை இது: டூஃபா போன்ற மென்கல்லைக் கோடையில் வெட்டி எடுத்து, இரண்டு ஆண்டுகள் வெட்டவெளியில் போட்டுவை. மழையிலும் வெயிலிலும் சிதைந்த கல்லை அடித்தளத்துக்குத் தள்ளு. சிதையாமல் தேறியதை மேலே கட்டு. டிராவர்டைன் பாரத்தையும் மழையையும் தாங்கும், ஆனால் நெருப்பில் வெடித்துவிடும் என்றும் அவர் எச்சரிக்கிறார். ஃபப்ரீசியஸில் மென்கல் உள்ளே, கடினக்கல் வெளியே என்ற அமைப்பு இந்த அறிவோடு அப்படியே ஒத்துப்போகிறது.

ஆற்றுக்குள் தூண் எழுப்பும் வேலை

தண்ணீருக்குள் கட்டுவது எப்படி என்று விட்ருவியஸ் தம் நூலின் 5-ஆம் பகுதியில், துறைமுகங்களைப் பற்றிச் சொல்லும் இடத்தில் விவரிக்கிறார். பாலத் தூணுக்குப் பொருந்தும் வழிகள் இரண்டு.

நல்ல பொசோலானா எரிமலைத் துகள் கிடைக்கும் இடத்தில் மரப்பெட்டி அடைப்பு. ஓக் மரக் கம்பங்களைத் தண்ணீருக்குள் அடித்து, குறுக்குச் சட்டங்களால் பிணைத்து ஒரு பெட்டி போலாக்குவார்கள். பெட்டிக்குள் கிடக்கும் சேற்றை வாரிச் சமன் செய்து, இரண்டு பங்கு பொசோலானாவுக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு என்ற கணக்கில் குழைத்த சாந்தையும் உடைகல்லையும் தண்ணீருக்குள்ளேயே நிரப்புவார்கள். சாந்து நீருக்கடியிலேயே இறுகும். காற்று அதற்குத் தேவையில்லை. பொசோலானாவில் உள்ள சிலிக்காவும் அலுமினாவும் சுண்ணாம்போடு நீர்முன்னிலையில் சேர்வதால் வரும் இறுக்கம் அது.

அந்தத் துகள் கிடைக்காத இடத்தில் இரட்டைச் சுவர் அடைப்பு. இரண்டு வரிசைப் பலகைச் சுவர்களுக்கு நடுவே, கோரையால் பின்னிய கூடைகளில் களிமண்ணை நிரப்பி மிதித்து இறுக்குவார்கள். பிறகு திருகுக் குழாய், நீரிறைக்கும் சக்கரம், உருளை ஆகியவற்றால் உள்ளே உள்ள தண்ணீரை இறைத்து அடியைக் காய வைப்பார்கள். அடி உறுதியான மண்ணாக இருந்தால், மேலே வரப்போகும் சுவரைவிட அகலமாகத் தோண்டி இறங்குவார்கள். இளமண்ணாக இருந்தால், நெருப்பில் கருக்கிய ஆல்டர், ஆலிவ் அல்லது ஓக் கம்புகளை நெருக்கமாக அடித்து, இடைவெளியைக் கரியால் நிரப்புவார்கள்.

இதில் எங்கே பிசகும் என்பதைப் பாலம் கட்டியவர்கள் இன்றும் அறிவார்கள். களிமண் நிரப்பில் ஒரு கூடை சரியாக இறுகாவிட்டால் ஊற்று அங்கேதான் வரும். ஊற்று வந்தால் அடியிலுள்ள மணல் கொதித்து மேலெழும். மணல் கொதித்தால் எத்தனை இறைத்தாலும் அடி காயாது. அவசரப்பட்டு அந்த நிலையில் கல் போட்டவர்களின் தூண் பத்து வருடத்தில் ஒருபக்கம் இறங்கும். டைபரில் வேலைக்கு வாய்ப்பான காலம் கோடையின் குறைநீர்க் காலம் மட்டுமே. ஒரே தூண் போதும் என்று வடிவமைப்பது அந்த ஆபத்தான வேலையைக் குறைத்துக்கொள்வதும் ஆகும். 24.5 மீட்டர் வளைவு அந்தக் காலத்துக்குத் துணிச்சலான அகலம். அந்தத் துணிச்சலை மேலே, வளைவு கட்டி முடியும்வரை கற்களைத் தாங்கும் மரச் சென்டரிங்கில் காட்டினார்கள், ஆற்றுக்குள் காட்டவில்லை.

பாரம் ஒரு பிரச்சினையே இல்லை

பழைய பாலம் என்றதும் முதலில் வரும் கேள்வி, எவ்வளவு எடை தாங்கும் என்பது. ஒரு தோராயக் கணக்குப் போட்டால் நிலைமை விளங்கும். வளைவின் உச்சியில் கல்லும் நிரப்பும் தளமும் சேர்ந்து 2 மீட்டர் கனம் என்றும், ஒரு கன மீட்டருக்கு 20 கிலோநியூட்டன் எடை (ஏறத்தாழ 2 டன்) என்றும் கொள்வோம். 5.5 மீட்டர் அகலத்துக்கு, ஒவ்வொரு மீட்டர் நீளத்திலும் பாலத்தின் சொந்த எடை 220 கிலோநியூட்டன். பாலம் முழுக்க ஆட்கள் தோளோடு தோள் உரசி நின்றால் சதுர மீட்டருக்கு 5 கிலோநியூட்டன், அதாவது மீட்டருக்கு 27.5. சொந்த எடையில் எட்டில் ஒரு பங்கு.

வளைவின் கிடைமட்ட உந்துவிசை, சீரான பாரம் என்று எடுத்தால், பாரத்தை அகலத்தின் வர்க்கத்தால் பெருக்கி உயரத்தின் எட்டு மடங்கால் வகுத்தால் கிடைக்கும்: 220 × 24.5² ÷ (8 × 12.25), சுமார் 1,350 கிலோநியூட்டன். இதை 1.5 மீட்டர் தடிமனும் 5.5 மீட்டர் அகலமும் உள்ள வளைவுக் கல்வரிசை தாங்குகிறது என்றால் அழுத்தம் 0.16 மெகாபாஸ்கல். பக்கவாட்டு நிரப்பின் எடையையும், விசை ஓரமாக ஒதுங்குவதையும் சேர்த்து அதை மூன்று மடங்காக்கினாலும், மென்மையான டூஃபாவின் நசுங்கு வலிமைக்குப் பக்கத்தில்கூட வராது. டிராவர்டைனுக்கோ அது பொருட்டே இல்லை.

கல் வளைவு நசுங்கிச் சாவதில்லை. அதன் உந்துவிசைக் கோடு, அதாவது பாரம் கல்லுக்குக் கல் இறங்கும் பாதை, கல்வரிசையின் தடிமனுக்குள் இருக்கும்வரை நிற்கும். கோடு விளிம்பைத் தொடும் இடத்தில் கீல் போல ஒரு விரிசல் திறக்கும். மூன்று கீல்கள் வரை வளைவு நிற்கும். நான்காவது திறந்தால் சரியும். தூண் சில சென்டிமீட்டர் நகர்ந்தாலும் வளைவு மூன்று கீல்களோடு தன்னைச் சரிசெய்துகொள்ளும். விரிசல் கண்ட பழைய பாலங்கள் பல நூற்றாண்டு நிற்பது இதனால்தான். ஆனால் தூணே சாய்ந்துவிட்டால் எந்த வளைவும் காப்பாற்றாது.

தண்ணீருக்கு விட்ட வழி

இங்கேதான் மூன்று பாலங்களும் பிரிகின்றன. ஃபப்ரீசியஸின் 62 மீட்டரில் இரண்டு பெரிய வளைவுகள் 49 மீட்டரைத் திறந்து விடுகின்றன, 79 சதவீதம். செஸ்டியஸின் பழைய வடிவம் சுமார் 48 மீட்டர் நீளம்; நடுவில் 24 மீட்டருக்குச் சற்றுக் குறைந்த ஒரு வளைவு, இருபுறமும் 6 மீட்டருக்குச் சற்றுக் குறைந்த இரு சிறு வளைவுகள். கூட்டினால் 35 மீட்டர், ஏறத்தாழ 73 சதவீதம்.

ஆறு சதவீத வித்தியாசம் சிறியதாகத் தோன்றும். ஆனால் வழி குறுகினால் நீரின் வேகம் அதே விகிதத்தில் கூடும், தூணை அறையும் விசையோ வேகத்தின் வர்க்கமாகக் கூடும். 79 சதவீதத் திறப்பில் வேகம் 1.27 மடங்கு, விசை 1.6 மடங்கு. 73 சதவீதத்தில் வேகம் 1.37 மடங்கு, விசை 1.9 மடங்கு. பாலத்துக்கு மேற்புறம் நீர்மட்டம் ஏறி நகருக்குள் புகுவதும் இதே காரணத்தால்தான்.

தூணின் மேலுள்ள அந்த 6 மீட்டர் திறப்பு ஏன் முக்கியம் என்பது அரைவட்டத்தின் குணத்தைப் பார்த்தால் தெரியும். வளைவு தொடங்கும் மட்டத்தில் ஒவ்வொரு வளைவும் 24.5 மீட்டர் அகலம். நீர் அதற்கு மேல் 6 மீட்டர் ஏறினால் அந்த மட்டத்தில் அகலம் 21.4 ஆகிறது. 9 மீட்டர் ஏறினால் 16.6. 11 மீட்டரில் வெறும் 10.8. வெள்ளம் உச்சத்தை நெருங்க நெருங்க வளைவு வழியை அடைத்துக்கொண்டே வருகிறது. அரைவட்டப் பாலங்கள் அனைத்துக்கும் இந்தக் குறை உண்டு. சிறு திறப்பு சரியாக அந்த உயரத்தில்தான் வேலை செய்யத் தொடங்குகிறது. 9 மீட்டர் மட்டத்தில் இரு வளைவுகளும் சேர்ந்து 33 மீட்டர். அதோடு 6 மீட்டர் கூடினால் வழி 18 சதவீதம் அதிகம். 11 மீட்டரில் 28 சதவீதம் அதிகம். மேலும் அந்தத் திறப்பு இல்லாவிட்டால் அங்கே இருந்திருக்கக்கூடிய கல் எடை தூணின் மேல் ஏறியிருக்கும், வெள்ளம் தள்ளுவதற்கு ஒரு முழுச் சுவரும் கிடைத்திருக்கும். பாரத்தைக் குறைத்து வழியைக் கூட்டும் இரட்டைப் பயன் அதற்கு. கணக்குப் புத்தகம் இல்லாத காலத்தில் இதை யோசித்து வைத்தவர் ஆற்றை நன்றாகக் கவனித்தவர்.

எமிலியஸ் ஏன் உடைந்துகொண்டே இருந்தது

எமிலியஸ் பாலம் மூன்றிலும் பழையது. தூண்களுக்கான ஒப்பந்தம் கி.மு. 179-இல் விடப்பட்டது, கல் வளைவுகள் கி.மு. 142-இல் வந்தன. தொழில்திறனில் அது தாழ்ந்தது என்று சொல்ல முடியாது. அந்தத் தூண்களின் அடித்தளம் சில இன்றும் அசையவில்லை. ஆனால் அது நின்ற இடம் கெட்ட இடம். தீவைத் தாண்டி இரண்டு கிளைகளும் சேரும் இடத்துக்குக் கீழே, ஆறு திரும்பும் வாக்கில், ஓட்டத்துக்குக் குறுக்காக அல்லாமல் சாய்வாகப் பாலம் போகிறது. ஃபப்ரீசியஸ் பாதி ஆற்றைத் தாங்கினால் போதும். எமிலியஸ் முழு ஆற்றையும், அதுவும் இரு கிளைகள் மோதிக் குழம்பிய நீரை, ஆறு வளைவுகளோடும் அத்தனை தூண்களோடும் தாங்க வேண்டியிருந்தது.

சாய்வான ஓட்டம் என்ன செய்யும்? 5 மீட்டர் அகலமும் 15 மீட்டர் நீளமும் உள்ள ஒரு தூணை எடுத்துக்கொள்வோம். நீர் நேராக வந்தால் அது பார்க்கும் தடை 5 மீட்டர். 20 பாகை சாய்ந்து வந்தால் தடை ஏறத்தாழ 10 மீட்டர், இரண்டு மடங்கு. தூணடியில் நீர் சுழன்று தோண்டும் குழியின் ஆழம் இந்த அகலத்தைப் பொறுத்தே கூடும். கூர்முனை வைத்துக் கட்டினாலும் பயனில்லை, நீர் முனையில் மோதாமல் விலாவில் மோதுகிறது.

1230-இல் உடைந்தது, கட்டினார்கள். 1557-இல், ரோமில் டைபரின் நீர்மட்டத்தைக் காட்டும் ரிப்பெட்டா அளவுகோலில் 18.9 மீட்டர் வந்த வெள்ளத்தில் உடைந்தது. கத்தோலிக்கரின் 1575-ஆம் ஆண்டு புனித விழாவுக்குள் முடிய வேண்டும் என்று போப் 13-ஆம் கிரெகரி காலத்தில் மறுபடி கட்டினார்கள். 1598 டிசம்பர் 24-இல் டைபர் 19.56 மீட்டர் ஏறியது. ரிப்பெட்டாவில் பதிவான அளவுகளில் இதுதான் உச்சம். ஆறு வளைவுகளில் மூன்று அடித்துக்கொண்டு போயின. அதன்பின் யாரும் கட்டவில்லை. 1853-இல் உடைந்த முனையிலிருந்து கரைக்கு ஒரு இரும்புத் தொங்குபாலம் போட்டார்கள். 1887-இல் பலட்டினோ பாலத்துக்கு இடம் வேண்டும் என்று மிச்சமிருந்த மூன்றில் இரண்டை இடித்தார்கள். எஞ்சிய ஒற்றை வளைவும் 16-ஆம் நூற்றாண்டுக் கட்டுமானம்தான். அதைத் தாங்கும் தூண்கள் மட்டுமே ரோமானியருடையவை.

ஒவ்வொரு முறையும் அதே அச்சில், அதே தூண்களின் மேல் கட்டினார்கள். பணம் மிச்சமானது, ஆனால் உடைந்ததற்கான காரணத்தை யாரும் தொடவில்லை. இந்த ஆய்வில் மனதை அதிகம் வருத்தும் பகுதி இதுதான். ரிமினியில் கி.பி. 21-இல் முடிந்த டிபேரியஸ் பாலத்தின் தூண்கள் சாலைக்குச் செங்குத்தாக இல்லாமல் ஆற்றின் ஓட்டத்தோடு இணையாகச் சாய்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. ஐந்து வளைவுகளும் இன்றுவரை நிற்கின்றன. தீர்வு அவர்கள் நாட்டிலேயே, அவர்கள் கண்ணெதிரிலேயே இருந்தது.

செஸ்டியஸ்: பாலம் சரி, ஆறு மாறிற்று

செஸ்டியஸின் கதை வேறு. கி.மு. முதல் நூற்றாண்டில் கட்டி, கி.பி. 370-இல் பேரரசர்கள் வாலன்டினியன், வாலென்ஸ், கிராடியன் காலத்தில் புதுப்பித்த பாலம் 1888 வரை நின்றது. 1870 டிசம்பர் 28-இல் வந்த 17.22 மீட்டர் வெள்ளம் அதன் விதியை முடிவு செய்தது. இத்தாலியோடு இணைந்த சில மாதங்களிலேயே ரோம் மூழ்கியது. பொறியாளர் ரஃபயேலே கனேவாரியின் திட்டப்படி 1876-இல் தொடங்கி 1926 வரை டைபரின் இரு கரைகளிலும் உயர்ந்த சுவர்கள் எழுப்பப்பட்டன; ஆற்றின் அகலம் சுமார் 100 மீட்டர் என்று வகுக்கப்பட்டது. தீவருகே மேற்குக் கிளையை அகலப்படுத்த வேண்டியிருந்தது. 48 மீட்டர் பாலம் 80 மீட்டர் வாய்க்கு எட்டாது. பிரித்து, மூன்று பெரிய வளைவுகளாக 1892-இல் கட்டினார்கள். நடு வளைவில் பழைய கற்களில் மூன்றில் இரண்டு பங்கு திரும்ப வைக்கப்பட்டது. அதை ரோமப் பாலம் என்று சொல்வதா? நடு வளைவைச் சொல்லலாம். பாலத்தைச் சொல்லக்கூடாது.

கரைச்சுவர்கள் நகரைக் காத்தன. அதே சமயம் முன்பு தெருக்களில் பரவிய நீர் முழுவதும் இப்போது ஆற்றுக்குள்ளேயே, கூடுதல் வேகத்தோடு ஓடுகிறது. அதனால் அடிமண் அரிப்பு கூடியது; அடிமட்டம் இறங்காமல் பிடிக்க, தீவின் கீழ்முனையருகே குறுக்கே தாழ்ந்த படியணை போட வேண்டியிருந்தது.

இன்று எதைப் பார்க்க வேண்டும்

ஃபப்ரீசியஸில் இன்று நடப்பவர்களுக்கு மட்டும் அனுமதி. தீவில் 1585 முதல் இயங்கும் மருத்துவமனைக்குப் போவோரும் வருவோரும் அதையும் பயன்படுத்துகிறார்கள். இப்படிப்பட்ட பாலத்தைக் கவனிக்கும் பொறியாளர் முதலில் பார்க்க வேண்டியது தூணின் அடி.

வெள்ளம் உச்சத்தில் இருக்கும்போது தூணடியில் குழி விழும். நீர் வடியும்போது அதே குழி தளர்ந்த மணலால் நிரம்பிவிடும். வெள்ளம் முடிந்து ஒரு மாதம் கழித்து இறங்கிப் பார்ப்பவருக்கு எல்லாம் சமமாகவே தெரியும். ஆகவே நேராகக் கண்ணால் பார்ப்பது போதாது. கம்பியால் குத்திப் பார்க்க வேண்டும், எளிதாக இறங்கும் மணல் எங்கே முடிந்து கெட்டி மண் எங்கே தொடங்குகிறது என்று குறிக்க வேண்டும், முடிந்தால் வெள்ளத்தின்போதே ஒலியலைக் கருவியால் ஆழம் அளக்க வேண்டும். அளவுகளைத் தூணின் மேல்முனை (நீர் வந்து மோதும் முனை), இரு விலா, கீழ்முனை (நீர் விலகிப் போகும் முனை) என ஒரே இடங்களில் ஆண்டுதோறும் எடுத்தால்தான் ஒப்பிட முடியும்.

அடுத்தது மிதந்து வரும் பொருள். மரமும் படகும் வளைவில் சிக்கினால் மேலே போட்ட கணக்கெல்லாம் மாறிவிடும். 2008 டிசம்பரில் டைபர் 12 மீட்டரைத் தாண்டியபோது கட்டிவைத்திருந்த படகுகள் அறுத்துக்கொண்டு வந்து சான்ட்டாஞ்சலோ பாலத்தில் மாட்டிக்கொண்டன. கி.பி. 134-இல் ஹேட்ரியன் கட்டிய பாலம் அது. 12 மீட்டர் என்பது 1598-ஐ நினைத்தால் சிறு வெள்ளம். வழி அடைபட்டால் சிறு வெள்ளமே போதும். வெள்ள எச்சரிக்கை வந்ததும் மேலே உள்ள படகுகளையும் மிதவைகளையும் அகற்றுவது பாலத்துக்குச் செய்யும் மிக மலிவான காப்பு.

மூன்றாவது, மேலிருந்து இறங்கும் மழைநீர். தளத்தில் விரிசல் இருந்தால் நீர் நிரப்புக்குள் இறங்கும், சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வளைவின் அடியில் வெள்ளைக் கறையாகச் சொட்டும். நிரப்பு நனைந்தால் பக்கச் சுவரை வெளியே தள்ளும். பக்கச் சுவர் வயிறு தள்ளியிருக்கிறதா என்று தூக்குநூல் பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். இணைப்புகளில் முளைக்கும் அத்திச் செடியை வெறுமனே வெட்டிவிட்டால் வேர் உள்ளே தடித்துக்கொண்டே போகும். வேரை அழித்துவிட்டுத்தான் இணைப்பை அடைக்க வேண்டும்.

இணைப்பை அடைப்பதில்தான் அதிகத் தவறு நடக்கிறது. போர்ட்லேண்டு சிமெண்டுக் கலவை மென்கல்லைவிடக் கடினம், நீர் அதன் வழியே வெளியேறாது. ஈரம் கல்லின் வழியே வெளியேறப் பார்க்கும், உப்பு கல்லின் முகத்தில் படிந்து கல்லைச் செதிள் செதிளாக உதிர்க்கும். சில ஆண்டுகளில் சிமெண்டுக் கோடுகள் மட்டும் துருத்திக்கொண்டு நிற்க, கல் உள்வாங்கியிருக்கும். பழைய இரும்புப் பிடிப்புகளும் இதே ஈரத்தில் துருவேறி வீங்கிக் கல்லின் மூலையைத் தெறிக்க வைக்கும்.

சரியான முறை: பழைய சாந்தை உளியால், கையால், இணைப்பின் அகலத்தைப் போல இரண்டு மடங்கு ஆழத்துக்காவது சுரண்டி எடுக்க வேண்டும். கிரைண்டர் கூடாது, கல்லின் விளிம்பை அது தின்றுவிடும். தூசியைக் கழுவி, கல்லை முந்தின நாளே நனைத்து வைக்க வேண்டும். நீரில் இறுகும் சுண்ணாம்பு அல்லது பொசோலானா சேர்த்த சுண்ணாம்பு ஒரு பங்கு, நன்கு கழுவிய சொரசொரப்பான மணல் இரண்டரைப் பங்கு. கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், விரலில் ஒட்டி வழியக்கூடாது; நீர் அதிகமானால் சுருங்கி விரிசல் விடும். ஆழமான இணைப்பை ஒரே தடவையில் அடைக்காமல் அடுக்கடுக்காக, ஒவ்வொரு அடுக்கும் 15 மில்லிமீட்டருக்கு மேல் போகாமல், அடித்து அழுத்தி நிரப்ப வேண்டும். பிறகு ஈரச்சாக்கு போட்டு ஒரு வாரமாவது காயவிடாமல் வைத்திருக்க வேண்டும். வெப்பநிலை 5 பாகை செல்சியஸுக்குக் கீழே போகும் நாட்களில் வேலையை நிறுத்திவிட வேண்டும்.

இந்தப் பழுதுபார்ப்பு எதுவும் தூணடி அளவீட்டுக்கு மாற்றாகாது. பிரான்சின் வேசோன்-லா-ரொமேன் ஊரில் 17 மீட்டர் அகலத்தில் ஒற்றை வளைவு ரோமப் பாலம் இருக்கிறது. 1992 செப்டம்பர் 22-இல் ஊவெஸ் ஆறு அதன் மேலேயே ஏறி ஓடியது. கைப்பிடிச் சுவர் போயிற்று, வளைவு நின்றது. அந்தப் பாலம் இரு கரைப் பாறைகளின் மேல் நேரடியாக உட்கார்ந்திருக்கிறது. ஆற்றுக்குள் அதற்குத் தூணே கிடையாது. ஃபப்ரீசியஸுக்கு ஒரு தூண் உண்டு. ஆகவே ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பின்னும் அளவுக் கம்பி முதலில் இறங்க வேண்டிய இடம் அந்தத் தூணின் மேல்முனை.